அது இலையில்லை, கொசுவம்

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி வரவேற்பறைக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். சுவரில் இருந்த ஆறு படங்களையும் கழற்றி என் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொன்னேன். நான்காவது படம் கைதவறிவிட்டது. கண்ணாடி உடைந்து தரையெல்லாம் சிதறியது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயின்டர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். எடுத்ததற்கெல்லாம் திட்டுகிற அட்மின் மேடம் ஏன் அன்றைக்குத் திட்டவில்லை என்று அவருக்கு இன்னும் புரிந்திருக்காது.

கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு அந்தத் தாளை முதல்முறையாக நேராகப் பார்த்தேன். பழைய கோந்தும் பூஞ்சையும் கலந்த வாசனை வந்தது. நீ தினமும் துடைத்த படம். அதிலிருக்கும் பெண்ணின் இடுப்பில் பச்சையாக இருக்கிறதே, அதன்மேல் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தேன். பச்சை வண்ணத்துக்கு அடியில் செதுக்கிய கோடுகள் தெரிந்தன. மேலிருந்து கீழாக, ஒன்றையடுத்து ஒன்றாக, நெருக்கமான கோடுகள். கீழ் ஓரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு. அது புடவைக் கரை. நீ சொன்னது சரிதான். அது இலையில்லை, கொசுவம்.

உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்துவிட்டேன். உன் எண் இன்னும் அதில் இருக்கிறது. விரலை வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன். உன் பெயரை இதில் எங்கும் எழுதப் போவதில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு மீட்டிங்கில் சொல்லிவிட்டு நான் பட்டது போதும். பார், இங்கேயும் பொய். பட்டது நீ. நான் எங்கே பட்டேன்.

அந்தப் படங்கள் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனிக்கு எதற்குப் பழங்காலத்துப் படம் என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. புதிதாக வந்த பிளான்ட் ஹெட்டுக்கு, வெளிநாட்டு விருந்தினர் உட்காருகிற இடம் மொட்டையாக இருப்பதாகப் பட்டது. சென்னையில் பழம்பொருள் விற்கிற கடையில் போய் ஆறு படம் வாங்கிவந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் பெண்ணும். ஒரு ஜோடி நெசவாளர், ஒரு ஜோடி வியாபாரி, இன்னொரு ஜோடி சிப்பாயும் மனைவியும். இந்த நாட்டுச் சனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று தங்கள் ஊரில் காட்டுவதற்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் வண்ணம் போட்டார்களாம். செதுக்கியவர் வேறு, வண்ணம் போட்டவர்கள் வேறு, வண்ணம் போட்டவர்கள் கடல் தாண்டி வந்ததே கிடையாது என்றும் கடைக்காரர் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது. அந்த இங்கிலீஷ் சீட்டை நான்தான் உனக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

நீ ஹவுஸ்கீப்பிங் நீலக் கோட்டும் கையில் மடித்த துணியுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அதான் பாத்தேன். தலப்பாய நீலமா அடிச்சிக்கீறான், வேட்டிய ரோஸா அடிச்சிக்கீறான். டப்பால எது மிச்சம் இருந்துச்சோ அது."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ரிசப்ஷன் பெண் இருந்ததால் நீ உடனே "கரெக்ட்டா மேடம்?" என்று சேர்த்துக்கொண்டாய். ஆள் இருந்தால் மேடம், இல்லாவிட்டால் டீ. படப்பைப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவர் ஒரே கம்பெனியில் ஒருத்தி ஏசி அறையிலும் ஒருத்தி துடைப்பத்தோடும் வந்து சேர்ந்தால் இப்படித்தான் ஏதாவது ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது நீ. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

நான்காவது படத்தில் ஆணின் கையில் ஒரு கோல், அதில் சுற்றிய பாம்பு. பெண்ணின் இடுப்பில் பச்சை, தலையைச் சுற்றியும் பச்சை. அடியில் இருந்த கோணல் எழுத்தைக் கடைக்காரர் சீட்டு இருளர் என்று விளக்கியிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் உன் பக்கம் திரும்பவில்லை. நீயாகத்தான் கிட்டே போய்ப் பார்த்தாய்.

"எங்க ஆளுங்களா? பாம்பு மட்டும் நல்லா கீது," என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. நீ மறைக்கவும் இல்லை. "கேட்டா சொல்லப்போறேன். கேக்காதவங்ககிட்ட நானா போயி இன்னாத்துக்குச் சொல்லணும்?" என்பாய். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து லைனில் தைக்கிற பிள்ளைகளுக்கு நீ அக்கா. ஹாஸ்டல் குழம்பு தண்ணியாக இருக்கிறது, ஓவர்டைம் போட்டுக் கொல்கிறார்கள், சூப்பர்வைசர் முறைக்கிறான் என்று எல்லாப் புலம்பலும் உன்னிடம்தான் வந்தது. உன் டப்பாவிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது மீன்குழம்பு தொட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயரோடு நீ நிம்மதியாக இருந்தாய்.

நான் அதைத் தெரிந்துகொண்டது பத்தாவதில் நீ சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்ட சமயத்தில். விசாரணைக்கு வந்த அதிகாரி உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, இருளர்தான் என்றால் பாம்பு பிடித்துக் காட்டு என்று உன் அப்பாவிடம் கேட்டாராம். உன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். பாம்பைக் கண்டால் நம்மைப்போல ஒதுங்கிப்போகிற மனுஷன். பாம்புக்கு எங்கே போவார்? வயலில் இறங்கி, ஒரு மணி நேரம் வரப்பைத் தோண்டி, ஓர் எலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். மறுநாள் வகுப்பில் நீ சொன்னாய்:

"எங்கப்பா வாலப் புடிச்சிகினு நின்னுச்சிடி. அந்தாளு சிரிச்சிகினே கையெழுத்துப் போட்டாரு."

அந்த ஆள் மட்டும் என் கண்ணில் பட்டால் செருப்பாலேயே அடிப்பேன் என்று கத்தினேன். நீ என் வாயைப் பொத்தினாய். பதினைந்து வயதில் வீரத்துக்கு என்ன குறைச்சல். அந்த நாற்காலியில் ஒரு நாள் நானே போய் உட்காருவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரையும் அடித்திருப்பேன்.

நீ போவதற்கு முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள் என்று சேதி வந்தது. ஆயுத பூஜை என்றால் நம் பக்கத்துக் கம்பெனிகள் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று, பொரி கடலை, பூசணிக்காய். இந்த முறை வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்று பிளான்ட் ஹெட் மீட்டிங் போட்டார். வித்தியாசமாகச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அந்த ஆறு படங்களுக்குப் பக்கத்தில் நம் ஆட்களே அதே உடையில் நின்றால் எப்படி இருக்கும் என்றேன். அவர் மேசையைத் தட்டினார். யார் யார் எந்தப் படம் என்று அங்கேயே பிரித்தோம். நெசவாளருக்கு ஆள் கிடைத்தது, வியாபாரிக்குப் போட்டியே வந்தது. நான்காவது படத்தில் வந்து நின்றது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நான் உன் பெயரைச் சொன்னேன். "நம்ம ஹவுஸ்கீப்பிங்லயே ஒருத்தங்க இருக்காங்க சார். அவங்க நெஜமாவே அந்த கம்யூனிட்டிதான்."

"ஓ, ஒரிஜினல்!" என்றார் அவர். எட்டுப் பேர் தலை நிமிர்ந்தது. எனக்கு ஒரு பாராட்டு கிடைத்தது, அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. இருபத்து மூன்று வருஷம் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே விஷயத்தை ஒரு மேசைத் தட்டலுக்குக் கொடுத்துவிட்டேன்.

உடை தயாரிக்கிற பொறுப்பும் என்னுடையது. சாம்பிள் பிரிவில் ஆர்டர் ரத்தாகிப்போன பச்சை ரெக்சின் ஒரு சுருள் கிடந்தது. பார்க்கிங்கில் நிற்கிற பூவரச மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து அட்டையில் வரைந்து கொடுத்தேன். சீட் உறை வெட்டுகிற அதே கட்டிங் மெஷினில் அறுபது இலை வெட்டிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. மரத்தில்கூட அப்படி இரண்டு இலை பார்க்க முடியாது. அவற்றை எலாஸ்டிக்கில் கோத்து இடுப்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று தைக்கச் சொன்னேன். தைத்த பெண், "யாருக்கு மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்காவுக்கா?" என்றாள். அந்தக் குரலிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வேலை நன்றாக வந்திருக்கிறதே என்ற பெருமைதான் இருந்தது.

நீ படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். இலையைப்பற்றிச் சொல்லவில்லை. எல்லோரும் பாரம்பரிய உடையில் வரவும் என்று போர்டில் நான் ஒட்டிய நோட்டீசை நீ அப்படியே நம்பினாய்.

அன்று காலை நீ வந்து நின்ற கோலம் என் கண்ணிலேயே இருக்கிறது. அரக்கு நிறப் புடவை, மஞ்சள் கரை. தலை நிறைய மல்லியும் கனகாம்பரமும். நீலக் கோட்டு இல்லாமல் உன்னைக் கம்பெனிக்குள் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்டிடி கீறேன்? எம்பொண்ணு அஞ்சி மணிக்கே எழுந்து கட்டிவுட்டுச்சி. ஒவ்வொரு மடிப்பா நீவி நீவி வெச்சி, பின்னு குத்தி, உக்காரவே வுடல. பஸ்ல நின்னுகினே வந்தேன்."

சூப்பராக இருக்கிறாய் என்றேன். சொல்லிக்கொண்டே ஸ்டேஷனரி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திப் பையைக் கொடுத்தேன். நீ அதை வெளியே எடுத்துப் பார்த்துச் சிரித்தாய். விளையாட்டு என்றுதான் நினைத்தாய்.

"இது இன்னாடி, வாசல்ல கட்டுற தோரணமா?"

"நாலாவது படத்துல இருக்கிற மாதிரிடி. நீ போட்டுக்கணும்."

சிரிப்பு நின்றது. "அது எலன்னு எவ சொன்னா? தெனிக்கும் தொடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? அது கொசுவம்டி. கீழ கரை கூட கீது. பச்ச அடிச்சவனுக்குத்தான் தெரியல, உனக்குமா தெரியல?"

"யாருக்குத் தெரியப்போவுது? நாப்பது நிமிஷம். கெஸ்ட் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"எங்கம்மா பொடவதான் கட்டிச்சி. நானும் பொடவதான் கட்டிகினு வந்துக்கீறேன். எங்க டிரெஸ்ஸு இதான்."

நீ கோபப்படவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். வெளியே பிளான்ட் ஹெட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விருந்தினர் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது. அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல்:

"உன் பொண்ணு டிரெய்னி அப்ளிகேஷன் இன்னும் அவரு டேபிள்லதான் கீது. அவரு கண்ணுல நீ நல்லபடியா பட்டா நல்லதுதானே."

மிரட்டவில்லை, உன் நன்மைக்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சாதித்துவந்தேன். மகள் டிப்ளமா முடிக்கப்போகிறாள், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று அதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான் நீ என்னிடம் கேட்டிருந்தாய். நம் பழக்கத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. அதையே எடுத்து உன் கழுத்தில் வைத்தேன். இதற்கு வேறு பேர் கிடையாது.

நீ முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "பின்னக் கழட்டு," என்றாய். உன் மகள் குத்திய பின்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்தேன். பாவாடை ரவிக்கைக்கு மேல் அந்த ரெக்சின் இலை. மூடித்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படத்தில் இருந்த ஆணுக்கு ஆள் கிடைக்காததால் அவன் கையில் இருந்த பாம்பை உன் கையில் கொடுத்தார்கள். ரப்பர் பாம்பு. வந்தவர்கள் உன்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்து வியந்தார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பொரி வாங்க வரிசையில் வந்த லைன் பிள்ளைகளில் சிலர் உன்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். நீ எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அப்பா எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வந்தது. வந்த பிறகும் விருந்தினரோடு சேர்ந்து கைதட்டினேன்.

முடிந்ததும் நீ அந்த அறையில் தனியாகப் புடவையைச் சுற்றிக்கொண்டு போனாய். நான் சுண்டல் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். டிசம்பரில் கம்பெனி காலண்டர் அச்சுக்குப் போனது. மாதிரி என் மேசைக்குத்தான் வந்தது. ஜனவரிக்கு உன் படம். கீழே "எங்கள் பாரம்பரியம்" என்று எழுதிக்கொடுத்ததும் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன் உன்னைக் கேட்கலாமா என்று ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். டீ ஆறிவிடும் போலிருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டுக்கட்டாகக் காலண்டர் வந்து இறங்கிய அன்று நீ என்னிடம் வந்து, "அந்த ஒரு தாள மட்டும் எடுத்துட முடியாதாடி?" என்று கேட்டாய். அச்சடிச்சாச்சே, என் கையில் என்ன இருக்கிறது என்றேன். என் கையில்தான் இருந்தது என்பது இன்றைக்கு வரைக்கும் உனக்குத் தெரியாது.

ஓரகடத்தில் டீக்கடை, மெடிக்கல், செல்போன் கடை என்று எங்கே பார்த்தாலும் அந்த ஜனவரி தொங்கியது. உன் மகள் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக் கடையிலும் தொங்கியது. கூடப் படிக்கிற பெண்கள் அதைக் காட்டி, இது உங்கம்மாதானே என்று கேட்டிருக்கிறார்கள். பொங்கல் முடிந்து நீ வேலையை விடுவதாகச் சொல்ல வந்தாய். முகம் வற்றிப்போயிருந்தது.

"பொண்ணு என்னோட பேச மாட்டேங்குதுடி. எதுக்கு அப்டி நின்னேன்னு கேட்டுச்சி. நானேதான் ஆசப்பட்டுப் போட்டுகினேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்டிச் சொன்ன?"

"உன்னச் சொன்னா நேரா உன்கிட்ட வந்து நிக்கும். அதோட கொணம் எனக்குத் தெரியும். நாளைக்கு இங்க வேலைக்கு வரணும், தெனிக்கும் உன் மூஞ்சில முழிக்கணும். எதுக்கு அதெல்லாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. நீ எதிரில் அழாமல் நின்றுகொண்டிருக்க, அப்பாடா, அந்தப் பெண் இங்கே வந்து கத்தாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. போய் அவளிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

டிரெய்னி இடம் உன் மகளுக்குக் கிடைத்தது. அவள் வந்து சேரவில்லை. நீ பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்குப் போனாய். எங்கள் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகும். அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் நான் கைபேசியைப் பார்க்கக் குனிந்துகொள்வேன். பார்த்தால் நீ கையாட்டுவாய், அதைத் தாங்க முடியாது என்றுதான்.

புரட்டாசி பிறந்து உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஞாயிறு வரைக்கும் நீ இருக்கவில்லை. உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மேடம், பேனர் அடிக்கணும். அதோட போட்டோ எதுனா கீதா உங்ககிட்ட? வூட்ல இருக்கிறதெல்லாம் கல்யாணத்துல எடுத்தது. நீங்க ஸ்கூல்லேருந்து பழக்கமாச்சே."

என் கைபேசி முழுக்கத் தேடினேன். யார் யாரோ கேக் வெட்டுகிறார்கள், யார் யாரோ பரிசு வாங்குகிறார்கள். அவற்றின் ஓரத்தில் எங்காவது நீ இருந்தாய். தட்டு பிடித்த கை, துடைக்கிற முதுகு, பாதி முகம். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். முழுசாக நீ இருந்தது ஒரே படத்தில்தான். அதைத்தான் அனுப்பினேன். முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

மாலையோடு வந்தபோது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். உன் முகத்தை வெட்டி, கடைக்காரர் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற ஏதோ ஒரு பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தார். கழுத்தில் உனக்கு இல்லாத ஆரம். தலையில் இருந்த இலைப்பட்டையை அழித்திருந்தார், இடது காதோரம் மட்டும் கொஞ்சம் பச்சை தங்கிவிட்டது. அதைக் கவனித்தது அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். உன் மகள் பந்தலில் ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாலையைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கரையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான்கு நாள் இழுத்தடித்தேன். சனிக்கிழமை மாலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாங்க ஆன்ட்டி என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"உங்கம்மா ஆசப்பட்டுப் போடலம்மா. நான்தான் போட வெச்சேன். முடியாதுன்னுதான் சொன்னா. உன் அப்ளிகேஷனச் சொல்லிப் போட வெச்சேன். காலண்டர்ல போட்டதும் நான்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"எலயக் கட்டிகினு நின்னதுக்குன்னு நெனச்சீங்களா ஆன்ட்டி, நா பேசாதது? எங்கம்மா இருளர்னு ஊருக்கே தெரியட்டும், எனக்கின்னா. நாந்தான் அன்னிக்குப் பொடவ கட்டிவுட்டேன். அத எதுக்கு அவுத்தன்னு கேட்டேன். ஆசயா இருந்துச்சின்னு சொன்னுச்சி. அந்த ஒரு வார்த்தைக்குதான் நா எட்டு மாசம் பேசல."

அவள் என்னைப் பார்க்காமலே மேலே சொன்னாள்.

"ஆஸ்பத்திரில கூட, சாப்டியான்னு கேட்டுச்சி. தலைய மட்டும் ஆட்டினேன்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தையை அங்கே வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க போங்க ஆன்ட்டி," என்றாள். கோபமில்லாமல், உன்னைப் போலவே நிதானமாக. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே சுவரில் உன் படம் மாட்டியிருக்கும் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"யம்மா. ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அதற்குப் பிறகும் அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டும்வரை நான் அந்த வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் மகள் உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள்டி. நீ எட்டு மாதம் காத்திருந்த அந்தப் பேச்சை முழுசாகக் கேட்டது நான்தான்.